உப்புத் தண்ணீரைக் கவனியுங்கள்: ஐஸ் கட்டி இயந்திரத்தை ஓட்டவும் பராமரிக்கவும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் 19 வருடமாக இயந்திரம் ஓட்டுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் நேராகக் கம்ப்ரசர் பக்கம்தான் போவார்கள். சத்தம் போடுவது அது, சூடாவது அது, தவுக்கே, அதாவது முதலாளி, வந்தால் தொட்டுப் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் தண்ணீர் ஐஸாவது கம்ப்ரசரில் இல்லை. தரையோடு தரையாக, மரப் பலகை மூடிகளுக்கு அடியில், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் உப்புத் தண்ணீரில்தான் ஆகிறது. கட்டி மெதுவாக உறைகிறதா, வெடிக்கிறதா, உப்புக் கரிக்கிறதா, கரண்ட் பில் ஏறுகிறதா, முதலில் அந்தத் தொட்டியைப் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான தடவை பதில் அங்கேதான் கிடந்திருக்கிறது.

இங்கே சொல்வது அம்மோனியாவில் ஓடும், உப்புத் தண்ணீர்த் தொட்டி உள்ள ஃபேக்டரிக்கு. உணவகத்துக்குப் பின்னால் வைக்கும், ஃப்ரியான் மாதிரி கேஸில் ஓடும் சிறிய இயந்திரங்களுக்குத் தொட்டி பற்றிய பகுதி பொருந்தாது; தண்ணீர், சுத்தம் பற்றிச் சொல்வது பொருந்தும். எங்கே மாறுபடுமோ அங்கே சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

அம்மோனியா சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். தொட்டிக்குள் இருக்கும் குழாய்களில் அது கொதித்து, உப்புத் தண்ணீரின் வெப்பத்தை எடுக்கிறது. ஆவியான அம்மோனியாவைக் கம்ப்ரசர் உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்திய சூடான ஆவி கண்டென்சரில் தண்ணீர்பட்டு மறுபடியும் திரவமாகிறது. ரிசீவரில் சேர்ந்து, அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகத் திரும்பத் தொட்டிக் குழாய்களுக்குப் போகிறது. சுற்று அவ்வளவுதான்.

குளிர்ந்த உப்புத் தண்ணீரில் கேன்கள், அதாவது கட்டி உறையும் உலோக அச்சுகள், வரிசையாக நிற்கின்றன. கேனுக்குள் நல்ல தண்ணீர், வெளியே மைனஸ் 10 டிகிரி உப்புத் தண்ணீர். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஐஸ் வளர்கிறது. வளர வளர ஐஸே ஒரு போர்வை மாதிரி ஆகிவிடுவதால் கடைசி நடுப்பகுதிதான் அதிக நேரம் எடுக்கும்.

உறையும் நேரத்தைக் கணக்குப் போட ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. கட்டியின் கனத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கி, உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரியோ அதால் வகுங்கள். 20 சென்டிமீட்டர் கனமுள்ள கட்டி, உப்புத் தண்ணீர் மைனஸ் 10 என்றால் 24 மணி நேரம். அதே கட்டி மைனஸ் 8 என்றால் 30 மணி நேரம். இரண்டே டிகிரி, ஆறு மணி நேரம் போய்விட்டது. 15 சென்டிமீட்டர் கட்டி மைனஸ் 10-இல் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கனம் கொஞ்சம் கூடினாலும் நேரம் எப்படித் தாவுகிறது பாருங்கள். புதுக் கேன் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் மைனஸ் 15-க்கு இறக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மைனஸ் 12-க்குக் கீழே போனால் கட்டி வெடிக்க ஆரம்பிக்கும், வெள்ளையாகவும் ஆகும், கம்ப்ரசரும் வீணாகக் கரண்ட் தின்னும். எங்கள் தொட்டியை மைனஸ் 9-க்கும் மைனஸ் 11-க்கும் நடுவில் வைத்திருக்கிறோம்.

உப்புத் தண்ணீர் தயாரிப்பது

இரண்டு வகை உப்பு பயன்படுகிறது. சாதாரண உப்பு மலிவு. கேனில் ஓட்டை விழுந்தாலும் ஆபத்தில்லை. ஆனால் அது தாங்கும் குளிருக்கு எல்லை உண்டு. எவ்வளவு உப்பைப் போட்டாலும் மைனஸ் 21 டிகிரியில் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு அதைவிட மிகவும் கூடுதலான குளிரைத் தாங்கும், ஆனால் விலை கூட, கசக்கும், ஈரத்தை இழுக்கும். ஐஸ் கட்டிக்குச் சாதாரண உப்பே போதும் என்பது என் எண்ணம், ஒரு நிபந்தனையோடு: குழாய்க்குள் அம்மோனியா கொதிக்கும் வெப்பநிலையைவிட 5 டிகிரியாவது கீழே போனால்தான் உங்கள் கரைசல் உறைய வேண்டும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் ஏறும்; உங்கள் குழாயில் உள்ள அழுத்தத்தில் அம்மோனியா மைனஸ் 15-இல் கொதிக்கிறது என்றால் கரைசல் மைனஸ் 20 வரை தாங்க வேண்டும். சாதாரண உப்புக்கு அது கிட்டத்தட்டக் கடைசி எல்லை. அதற்குக் கீழே இறக்கி ஓட்டுகிற ஃபேக்டரிக்குக் கால்சியம் குளோரைடுதான்.

அளவு சொல்கிறேன். கால்சியம் குளோரைடு கரைசலுக்கு அடர்த்தி 1.20 முதல் 1.22 வரை. 1.20 கிடைக்க, 1,000 லிட்டர் கரைசலுக்கு செதிலாக வரும் 77 சதவீதக் கால்சியம் குளோரைடு ஏறக்குறைய 340 கிலோ வேண்டும். சாதாரண உப்பென்றால் அடர்த்தி 1.17, 1,000 லிட்டருக்கு 260 கிலோ சுமார். கால்சியம் குளோரைடு தண்ணீரில் விழுந்ததும் சூடாகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கொட்டாதீர்கள். உப்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தனி டிரம்மில் கரைத்து வடிகட்டித் தொட்டியில் விடுங்கள். நேராக மூட்டையைத் தொட்டியில் தட்டினால் கரையாத உப்பு அடியில் போய்க் கல்லாக உட்கார்ந்துகொள்ளும்.

அடர்த்தி பார்ப்பதற்கு ஹைட்ரோமீட்டர் ஒன்று போதும். தொட்டியிலிருந்து எடுத்த கையோடு பார்க்காதீர்கள். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வெளிப்பக்கம் வியர்ப்பதைத் துடைத்துவிட்டு, ஹைட்ரோமீட்டருக்கு எந்த வெப்பநிலை எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்கு அது வரும்வரை காத்திருங்கள். அப்புறம் கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் படியுங்கள். குளிராக இருக்கும்போது படித்தால் அடர்த்தி கூடுதலாகக் காட்டும். உப்பு போதும் என்று ஏமாந்து போவீர்கள். வாரம் ஒரு தடவை, அதே கிழமை, அதே இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். கேன் ஏற்றி இறக்கும்போது சிந்தும் நல்ல தண்ணீர் எல்லாம் தொட்டிக்குள்தான் போகிறது. ஒவ்வொரு கேனோடும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் வெளியேறுகிறது. அதனால் அடர்த்தி தானாகவே குறைந்துகொண்டு வரும்.

அடர்த்தி குறைந்தால் என்ன ஆகும்? குழாய்களின் மேல் மெல்லிய ஐஸ் படியும். ஐஸ் படிந்த குழாய் வெப்பத்தை இழுக்காது. சக்ஷன் அழுத்தம், அதாவது கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம், இறங்கும், தொட்டி சூடாகும். பார்ப்பவர் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து அம்மோனியா ஏற்றுவார். அது இன்னொரு பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

பிஎச் 8-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கட்டும். குறைந்தால் இரும்பு அரிக்கும். திடீரென்று ஏறினால் குழாயிலிருந்து அம்மோனியா தொட்டிக்குள் கசிகிறது என்று அர்த்தம். ஒரு மாதிரியை எடுத்து இலேசாகச் சூடாக்கி, நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளை மேலே பிடியுங்கள். நீலமானால் உடனே ஆள் கூப்பிடுங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் சோடியம் டைக்குரோமேட் போடுவார்கள். அது விஷம், புற்றுநோய் தருவது. சாப்பிடுகிற ஐஸ் செய்யும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. பழைய ஃபேக்டரியை வாங்கியவர்கள் தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் சோதித்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கேனில் ஊற்றும் தண்ணீர்

பினாங்குக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், ஆனால் குளோரின் இருக்கும், குழாய் வேலை நடந்த மறுநாள் கலங்கலும் இருக்கும். ஒரு மணல் ஃபில்டர், ஒரு கார்பன் ஃபில்டர், அதற்குப் பிறகு ஒரு நுண் ஃபில்டர், இவை இல்லாமல் நான் கேனை நிரப்ப மாட்டேன். கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால் அதற்குப் பின்னால் உள்ள குழாயும் தொட்டியும் பாதுகாப்பு இல்லாமல் நிற்கின்றன; அல்ட்ரா வயலட் விளக்கு வைத்துக்கொள்வது நல்லது.

2024 ஜனவரி 10-ஆம் தேதி முதல் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றியபோது நாலு நாள் தண்ணீர் இல்லை. முன்கூட்டியே அறிவித்திருந்ததால் நாங்கள் தொட்டிகளை நிரப்பி, ஐஸ் அறையையும் கூரை வரை அடுக்கிவைத்தோம். இரண்டு நாள் உற்பத்திக்கான தண்ணீரையாவது சொந்தத் தொட்டியில் வைத்திருங்கள்.

கேனை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தண்ணீர் ஐஸாகும்போது 9 சதவீதம் பெருக்கும். பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். வெளியே உள்ள உப்புத் தண்ணீர் மட்டம் கேனுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும், ஆனால் கேன் விளிம்பைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் கட்டியின் தலைப்பகுதி உறையாமல் கொழகொழவென்று நிற்கும்.

கண்ணாடி மாதிரி ஐஸ் வேண்டுமென்றால் கேனின் நடுவில் ஒரு மெல்லிய குழாய் விட்டு, குறைந்த அழுத்தத்தில் காற்று ஊத வேண்டும். ஐஸ் வளரும்போது காற்றையும் உப்புகளையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். காற்றுக் குமிழி அவை ஐஸில் சிக்காமல் பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு கையளவு தண்ணீர் மிச்சமிருக்கும்போது அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். மீன் பெட்டிக்குப் போகும் கட்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். செண்டோல் என்கிற குளிர் இனிப்புக்குச் சீவப் போகும் கட்டிக்கு அவசியம்.

ஒரு சின்ன யோசனை. 1 கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0-க்குக் கொண்டுவர 126 கிலோஜூல் எடுக்க வேண்டும். அதை ஐஸாக்க மேலும் 334. ஆக, வேலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைக் குளிர்விப்பதற்கே போகிறது. உறைந்த கட்டியைக் கழற்றக் கேனை முக்கி எடுக்கும் தொட்டியின் தண்ணீர் எப்போதும் சில்லென்று கிடக்கும். நிரப்பும் தண்ணீரின் குழாயை அந்தத் தொட்டிக்குள் இரண்டு மூன்று சுற்று விட்டால் ஒரு பக்கம் நிரப்பும் தண்ணீர் செலவில்லாமல் குளிரும், மறுபக்கம் முக்கும் தண்ணீர் கொஞ்சம் சூடாகிக் கட்டி சீக்கிரம் கழன்று வரும். துருப்பிடிக்காத ஸ்டீல் குழாயாக இருக்கட்டும்.

இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவது

சுவிட்சைத் தொடுமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கம்ப்ரசர் கண்ணாடியில் எண்ணெய் பாதிக்கு மேல் இருக்கிறதா, பெல்ட் தொய்ந்திருக்கிறதா, கண்டென்சர் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவரில் தண்ணீர் இருக்கிறதா, அம்மோனியா வாசனை எங்காவது வருகிறதா. தொட்டி மூடிகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு மூடி விலகிக் கிடந்தால் இந்த ஊர் உஷ்ணம் நேராக உள்ளே இறங்கும்.

முதலில் கண்டென்சர் தண்ணீர்ப் பம்ப்பும் கூலிங் டவர் விசிறியும். அடுத்து தொட்டியின் அஜிடேட்டர், அதாவது உப்புத் தண்ணீரைத் தள்ளி ஓடவைக்கும் விசிறி. அது ஓடத் தொடங்கி ஐந்து நிமிடமாவது ஆன பிறகு கம்ப்ரசர். கம்ப்ரசர் அழுத்தி வெளியேற்றும் பக்கத்து டிஸ்சார்ஜ் வால்வு முழுவதும் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஹெட் பிளந்துவிடலாம், ஆள் சாகலாம். ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். சக்ஷன் வால்வு மூடியிருக்கட்டும். கம்ப்ரசர் வேகம் எடுத்ததும் சக்ஷனைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறங்கள். டக் டக் என்று இடி மாதிரி சத்தம் வந்தால் திரவ அம்மோனியா உள்ளே வருகிறது. உடனே சக்ஷனை மூடி, சத்தம் அடங்கியதும் இன்னும் மெதுவாகத் திறங்கள். எண்ணெய் அழுத்தம் சக்ஷன் அழுத்தத்தைவிட 20 முதல் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) கூடுதலாக நிற்க வேண்டும். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கடைசியாக ரிசீவரிலிருந்து வரும் திரவ வால்வு.

ஓட்டம் நிலைத்ததும் சக்ஷன் 15 முதல் 20 பிஎஸ்ஐ, டிஸ்சார்ஜ் 170 முதல் 200 பிஎஸ்ஐ. நம் ஊர்ச் சூட்டில் இதுதான் ஆரோக்கியம்.

நிறுத்துவது தலைகீழ். முதலில் திரவ வால்வை மூடி, சக்ஷன் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கும்வரை ஓடவிட்டு, கம்ப்ரசரை நிறுத்தி, வால்வுகளை மூடுங்கள். தண்ணீர்ப் பம்ப் இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும்.

பின்பக்கமாகச் சுற்றிய அஜிடேட்டர்

சில வருடங்களுக்கு முன் வெளியிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் வந்து மெயின் போர்டை மாற்றிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து கட்டி உறையவில்லை. 24 மணி நேரத்தில் எடுத்தால் நடுவில் குழிபோலத் தண்ணீர். மீன் வியாபாரி போன் போட்டுத் திட்டினார். நாங்கள் கம்ப்ரசரைத் திறந்து பார்த்தோம், அம்மோனியா ஒரு சிலிண்டர் ஏற்றினோம், எக்ஸ்பான்ஷன் வால்வைத் திருகினோம். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு நான் ஒரு மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒரு மரச் சீவலைத் தண்ணீரில் போட்டேன். அது கொஞ்ச தூரம் போய், ஓரத்தில் நின்று, மெல்லத் திரும்பி வந்தது. வழக்கமாக அது என் நடை வேகத்தில் பாதிக்காவது ஓடி அடுத்த தடுப்புக்குள் புகுந்துவிடும். அஜிடேட்டர் மோட்டாரில் இரண்டு பேஸ் வயர்கள் மாறிப்போய் விசிறி பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுவதென்னவோ சுற்றியது, தண்ணீரைத் தள்ளவில்லை. மின்சார வேலை பார்க்கும் சார்ஜ்மேன் வந்து இரண்டு வயரை மாற்றிப் போட்டார். மறுநாள் மாலை கட்டி சரியாக வந்தது.

அன்றிலிருந்து தொட்டியின் இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் ஒன்றரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் முதலில் போவது அஜிடேட்டரிடம்தான். மின்சார வேலை எது நடந்தாலும் மோட்டார்கள் சுற்றும் திசையைச் சாக்பீஸால் போட்ட அம்புக்குறியோடு ஒத்துப் பாருங்கள். வயரில் கை வைப்பது மட்டும் உரிமம் உள்ள சார்ஜ்மேன் வேலை.

கட்டியை எடுப்பது

கேன் வரிசையைக் கிரேன் மெதுவாகத் தூக்கட்டும். தூக்கியதும் ஒரு நிமிடம் தொட்டிக்கு மேலேயே தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் உப்புத் தண்ணீர் வடியட்டும். அப்புறம் முக்கும் தொட்டி. குழாய்த் தண்ணீரின் சாதாரணச் சூடே போதும். சுடுதண்ணீர் ஊற்றி அவசரப்படுத்தினால் கட்டியின் தோலில் படபடவென்று கீறல் ஓடும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. இரண்டு மூன்று நிமிடத்தில் கட்டி கேனுக்குள் இலேசாக மிதந்து எழும்பும். அதுதான் நேரம். கேனைச் சாய்த்ததும் சறுக்கிக்கொண்டு வெளியே வரும், பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், உள்ளே ஒரு வெள்ளை நரம்போடு.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டியையாவது நான் ருசி பார்ப்பேன். சுத்தமான உளியால் மேல் ஓரத்தில் ஒரு சில்லு எடுத்து நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். உப்புக் கரித்தால் அந்தக் கேனில் ஊசித் துவாரம் இருக்கிறது. அந்தக் கட்டி முழுவதும் உறைந்திருக்காது, அடியில் மெத்தென்றிருக்கும். கேனில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டு ஓரமாக வையுங்கள். காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்து ஒட்டவைக்கலாம். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓட்டை விழுந்தால் அந்தக் கேனைக் கழித்துவிடுங்கள். நசுங்கிய கேனையும் வைத்திருக்காதீர்கள். கட்டி சிக்கிக்கொள்ளும், ஆள் சுத்தியலால் அடிப்பார், கேன் இன்னும் நசுங்கும்.

சுத்தம் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். ஐஸை மலாயில் ஆயேர் பத்து, கல் நீர் என்பார்கள். கல் என்று சொல்லிவிட்டதாலோ என்னவோ, தரையில் இழுத்துக்கொண்டு போகலாம், செருப்புக் காலால் தள்ளலாம், பழைய கோணிச் சாக்கில் சுற்றலாம் என்று பலரும் நினைத்துவிட்டார்கள். ஐஸ் உணவு. உறைந்ததால் கிருமி சாகாது. மீனுக்கு என்று போன கட்டி எந்தக் கடையில் யார் கிளாஸில் விழும் என்று நமக்குத் தெரியாது. அதனால் எல்லாக் கட்டியையும் குடிக்கும் ஐஸாகவே நடத்துங்கள். மேடை துருப்பிடிக்காத ஸ்டீல், தினமும் கழுவல், வெள்ளை பூட்ஸ் உள்ளே மட்டும். உணவு கையாள்பவர் பயிற்சியும் தைஃபாய்டு ஊசியும் 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள் கேட்பவை. ஐஸ் தூக்கும் ஆளுக்கும் போட்டுவிடுங்கள்.

ஐஸ் அறை மைனஸ் 4 முதல் மைனஸ் 6 டிகிரி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விட்டால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் சுத்தமான பிளாஸ்டிக் பட்டை வைத்து அடுக்குங்கள்.

கண்டென்சரும் கூலிங் டவரும்

கரண்ட் பில் இங்கேதான் எழுதப்படுகிறது. வெப்ப நாட்டில் ஒரு டன் கட்டி ஐஸுக்கு 55 முதல் 70 யூனிட் வரை ஆகும். உங்கள் கணக்கு அதைத் தாண்டினால் டிஸ்சார்ஜ் அழுத்தத்தைப் பாருங்கள். கண்டென்சர் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கரண்ட் இரண்டு மூன்று சதவீதம் ஏறும். சுண்ணாம்புப் படிவு, பாசி, அடைத்த தெளிப்பான், தேய்ந்த விசிறிப் பெல்ட், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். மாதம் ஒரு முறை டவர் தண்ணீரை வடித்துவிட்டுக் கழுவுங்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு சேர்ந்துகொண்டே போகும், அதனால் ஓரளவு தண்ணீரைத் தொடர்ந்து வடித்துவிட வேண்டும். கழுவும்போது முகக் கவசம் போடுங்கள். டவர் தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி தூறலோடு மூச்சில் போகும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் அழுத்தம் இறங்கவில்லையா? உள்ளே காற்று புகுந்திருக்கும். கம்ப்ரசரை நிறுத்தி, கண்டென்சரில் தண்ணீர் மட்டும் ஓடவிட்டு, உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்ததும் அழுத்தத்தைப் படியுங்கள். 30 டிகிரியில் சுத்த அம்மோனியா ஏறக்குறைய 155 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அதற்கு மேல் தெளிவாக நின்றால் காற்றை வெளியேற்ற வேண்டும்.

அம்மோனியாவோடு வாழ்வது

அம்மோனியா எண்ணெயோடு கலக்காது. எண்ணெய் கனமானது, தொட்டிக் குழாய்களின் அடியிலும் ரிசீவரின் அடியிலும் போய்த் தங்கும். அதை வாரம் ஒரு முறை வடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் ஆபத்தான வேலை இதுதான். வடிகுழாயில் இரண்டு வால்வு இருக்க வேண்டும். அதில் ஒன்று கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வாக இருக்க வேண்டும். இரண்டு பேர், முழு முகமூடி, கையுறை, பக்கத்தில் ஓடும் தண்ணீர். போன் வந்தது, டீ வந்தது என்று வடிகிற வால்வை விட்டுவிட்டு ஒரு அடி கூட நகராதீர்கள். சிறிய கேஸ் இயந்திரங்களில் இந்த வேலை இல்லை. அவற்றில் எண்ணெய் கேஸோடு சேர்ந்து கம்ப்ரசருக்குத் திரும்பிவிடும்.

செம்பும் பித்தளையும் அம்மோனியா பக்கம் வரவே கூடாது, அரித்துவிடும். கடையில் அவசரத்துக்கு வாங்கிய பித்தளை வால்வைப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் அம்மோனியா 25 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 25 பங்கு) எல்லை. 300 பிபிஎம் உயிருக்கே ஆபத்து. நல்ல வேளையாக மூக்கு அதற்கு வெகு முன்பே சொல்லிவிடும். ஆனால் தினம் அங்கேயே நிற்பவர் மூக்கு பழகிப்போகும். அதனால் சுவரில் ஒரு டிடெக்டர் இருக்கட்டும். கசிவு பெரிதானால் காற்றுக்குக் குறுக்காகவும் எதிராகவும் ஓடுங்கள். காற்றின் திசையைப் பார்க்கத்தான் கூரையில் காற்றுப் பை. கண்ணிலோ தோலிலோ பட்டால் 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனை. தரையில் தேங்கிய திரவ அம்மோனியா மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், குபீரென்று ஆவியாகும். ஆவி மேகத்தின் மேல் தூறலாகத் தெளிப்பது தீயணைப்புப் படை வேலை.

ரிசீவரும் கண்டென்சரும் அழுத்தக் கலன்கள். அவற்றுக்கு ஜேகேகேபி என்ற தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 1967-ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இவை வந்துவிட்டன. சான்றிதழ் தேதியைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பாதுகாப்பு வால்வை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்ல பழக்கம்.

தைப்பூச வாரம்

பினாங்கில் ஐஸ்காரனுக்கு வருடத்தின் பெரிய பரீட்சை தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பாதை முழுவதும் தண்ணீர்ப் பந்தல், ஒவ்வொரு பந்தலுக்கும் டிரம் டிரம்மாக ரோஸ் சர்பத்தும் மோரும். டிரம்முக்குள் போடும் ஐஸ் என்பதால் அந்த வார உற்பத்தி முழுவதும் காற்று ஊதிய கட்டிதான்.

மூன்று வாரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். டவரைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, எண்ணெய் வடித்து, அடர்த்தியைச் சரிசெய்து, கிரேன் கயிற்றை இழை இழையாகப் பாருங்கள். பத்து நாளைக்கு முன்பிருந்து தினமும் கொஞ்சம் ஐஸ் அறையில் சேருங்கள். கடைசி இரண்டு நாள் ஆர்டர் குவியும்போது தவுக்கே வந்து, "தம்பி, தொட்டியை இன்னும் இரண்டு டிகிரி இறக்கு, சீக்கிரம் ஆகட்டும்" என்பார். இறக்காதீர்கள். வெடித்த கட்டியைப் பந்தல்காரர் திருப்பி அனுப்புவார், அதை உருக்கிக் கொட்டுவதைவிட வேறு வழியிருக்காது. எண்ணிக்கை போதாவிட்டால் நடுக்குழி விரல் நுழையும் அளவுக்கு மூடியதுமே மீன்கட்டிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பந்தல் கேன்களை இறக்குங்கள். மீன் வியாபாரியிடம் முன்கூட்டியே சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

லோரி விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும். அது கேட்டைத் தாண்டியதும் காலிக் கேன்களை நிரப்பி இறக்கி, மூடிகளைப் போட்டு, தொட்டியின் இரண்டு முனை வெப்பநிலையையும் நோட்டில் எழுதுங்கள். புதுத் தண்ணீர் இறங்கியதால் முதல் இரண்டு மணி நேரம் ஒன்றிரண்டு டிகிரி ஏறும். ஐந்து மணிக்கு மறுபடி பாருங்கள். இறங்கத் தொடங்கியிருந்தால் போய்க் குளித்துவிட்டு நீங்களும் மலைக்குக் கிளம்பலாம்.